மஞ்சள் நூல் கட்டிய இருபத்து மூன்று பயற்றஞ்செடிகள்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரி தொடங்கும் இடத்தில் மேலே இருக்கும், முடியும் இடத்தில் கீழே இறங்கியிருக்கும். சில எழுத்து பெருத்திருக்கும், சில எழுத்து நசுங்கியிருக்கும். நாற்பது வருஷம் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த விரல்களுக்குப் பேனா பிடிபட நாளாகிறது. போன வருஷம் தை மாதம்தான், அறுபத்தாறு வயதில், மடத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் 'அ' எழுதிப் பழகினேன். இதை எழுதப் பதினொரு நாள் ஆனது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் மணிக்கட்டு விட்டுப்போகிறது. ஆனால் எழுதியதை நானே திரும்ப வாசித்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்கு இன்னும் பதினொரு நாள் உட்காரலாம்.

மடத்துச் சுவரில் வெள்ளிதோறும் ஒட்டும் தாளில் திருவிழாச் செய்தியும் கல்யாணச் செய்தியும் வருகின்றன. பயணம் போய் வந்ததை இதுவரை யாரும் எழுதவில்லை. மலைக்குக் கீழே மொனராகலைப் பக்கம் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பம் நம் தோட்டத்து லய வீடுகளில் பதினைந்தாவது இருக்கும். போக ஆசைப்பட்டு வழி தெரியாமல் இருப்பவர்களுக்கு இது உதவட்டும்.

நான் போனது இந்த ஆனி மாதம் பதினோராம் தேதி, திங்கட்கிழமை. என் மகள் அங்கம்மாவும் மருமகன் முத்துக்கறுப்பனும் இரண்டு வருஷத்துக்கு முன் தோட்டத்தை விட்டுக் கீழே போனார்கள். அங்கே ஒரு முதலாளி புதிதாக ரப்பர் கன்று நட்டிருக்கிறார். மருமகன் அதைக் காவல் காக்கும் வாச்சர். கன்றுகளுக்கு இடையே இரண்டு ஏக்கரில் எதை வேண்டுமானாலும் பயிர் செய்துகொள்ளலாம், களை மட்டும் ஏறக் கூடாது என்பது பேச்சு. ஐப்பசியில் விதைக்கும் சோளம் வைகாசி வரை சோறு போடும். அதற்குப் பிறகு அடுத்த சோளம் வரும் வரை தின்பதற்கு, சித்திரை மழையில் போடும் தட்டைப்பயறு ஒன்றுதான் வழி. காராமணி என்று சிலர் சொல்கிற அதே பயறு.

அந்தப் பயறு இரண்டு சித்திரையும் காய்க்கவில்லை. இரண்டு தடவையும் விதை கொடுத்தது நான். முப்பது வருஷமாக என் லயத்துக்குப் பின்னால் போட்டு எடுத்த விதை, ஒவ்வொரு மணியும் பல்லளவு பெரிது. கீழே அது கொடி கொடியாய் ஓடி, இலை இலையாய்த் தழைத்து, பூக்கும் நேரத்தில் மழை நின்று காய்ந்த காற்று வீச, பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. மூன்றாவது சித்திரையும் இப்படிப் போனால் ஆடி ஒன்றாம் தேதி மேலே வந்து தோட்டத்துச் செக்ரோலில் திரும்ப வேலைக்குப் பேர் பதிந்துகொள்வேன் என்று மருமகன் சொல்லியனுப்பியிருந்தார். மகளுக்கு அதில் விருப்பமில்லை. இரண்டு வருஷமாக, விடியுமுன் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுக் கொம்பு கேட்காமல் விழிக்கிறவளுக்கு எப்படி விருப்பம் வரும்? ஆகவே இந்தத் தடவை நான் வேறு விதை அனுப்பியிருந்தேன். வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு, அது காய்த்ததா என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

இனி வழி. ரயில் பண்டாரவளையோடு நின்றிருக்கிறது. பதுளையிலிருந்து பசறை வரை எப்போதாவது மோட்டார் வண்டி ஓடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் மாட்டு வண்டிதான். வண்டிக்காரர் சலீம் நானாவின் வண்டி பதுளையில் ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கிளம்பிப் பதினோரு மைல் வந்து பசறையில் தங்குகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தோட்டச் சந்திக்கு வரும். சந்தியில் நிற்பது பசறையிலிருந்து எண்ணி வரும் எட்டாம் மைல்கல். அங்கிருந்து என் மகள் வீட்டுச் சந்தி வரை ஆளுக்கு ஐம்பது சதம். கையில் ஒரு மூட்டை இருந்தால் அதற்குக் கேட்பதில்லை. இரண்டு மூட்டை இருந்தால் ஒரு பார்வை பார்ப்பார்.

போகும்போது வண்டியில் துணிக்கட்டும் கருவாடும் மண்ணெண்ணெய்த் தகரமும் இருந்தன. கருவாட்டுக்கும் துணிக்கும் நடுவில் எனக்கு இடம். ஒன்பதாம் கல் வந்தது, 'ஒன்பது' என்றேன். பத்தாம் கல் வந்தது, 'பத்து' என்றேன். பதினொன்று வந்ததும் நானா திரும்பிப் பார்த்தார்.

"என்ன பெரியவர், ஒவ்வொரு கல்லையும் வாசிச்சிட்டு வாறீங்க. வாசிக்கல்லன்டா கல் எழும்பிப் போயிருமா?"

"முப்பது வருசமா இந்த ரோட்டுல நடந்திருக்கேன் நானா. அப்பல்லாம் அது மாடு முதுகு சொறியிற கல்லு. இப்பத்தான் என்கூடப் பேசுது."

"பேசட்டும் பேசட்டும். மாட்டை மட்டும் வெருட்டாம வாசிங்க."

பன்னிரண்டாம் கல்லைத் தாண்டினால் தேயிலை குறைந்து ரப்பர் தொடங்குகிறது. காற்றும் மாறுகிறது. மேலே போட்டிருந்த கம்பளியைப் பதின்மூன்றில் கழற்றினேன், தலைப்பாகையைப் பதினைந்தில். பதினாறாம் கல்லருகே ஒரு கடையும் மாடு கட்டும் கொட்டகையும் இருக்கின்றன. பகல் இரண்டு மணிக்கு அங்கே நிறுத்தினார். மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் மறுபடி பூட்டுவார். அதற்குக் கீழே யானை நடமாட்டம் உண்டு, வெளிச்சத்தில்தான் போக வேண்டும். ரொட்டியும் தேநீரும் நாலு சதம். சம்பல் கேட்டால் இன்னும் கொடுப்பார்கள். காரம் அதிகம்.

கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது நானா கேட்டார். "பங்குனில ஒரு பொட்டலம் தந்தீங்களே, நான்தான் மகள்ட கையில குடுத்தேன். ஒன்றரை ராத்தல் பயறு. அதுக்கா இவ்வளவு தூரம் போறீங்க?"

நான் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பயறு போடுகிறவர்கள் கவனமாக வாசிக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும் கொஞ்சம் கைவந்ததும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது. தாளுக்கு வழியில்லை. அதனால் மூங்கிலைச் சீவி, போன வருஷம் சித்திரையில் நான் போட்ட நாற்பது பயற்றஞ்செடிகளுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சிம்பு குத்தினேன். எந்தச் செடி எந்தத் தேதியில் முதல் பூ விட்டது என்று அதில் எழுதினேன். விளையாட்டாகத்தான் தொடங்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் ஐந்து செடி மற்றவற்றுக்குப் பதினெட்டு நாள் முந்திப் பூத்திருந்தது. ஒரே விதை, ஒரே மண், ஒரே மழை. அப்போதுதான் நெஞ்சில் ஒன்று இடித்தது. இந்த ஐந்தின் காயை நான் என்ன செய்வது வழக்கம்?

முதல் காய் மாரியம்மனுக்கு. என் அப்பா அப்படிச் செய்தார், நானும் அப்படியே செய்தேன். முந்திக் காய்ந்ததை எல்லாம் பறித்து, அவித்து, அம்மனுக்குப் படைத்து, சுண்டலாய்ப் பங்கிட்டுத் தின்போம். பிறகு வருவது கறிக்கு. கடைசியில், எல்லாம் ஓய்ந்த பிறகு, கொடியில் மிச்சமிருக்கும் காயை முற்றவிட்டு விதைக்கு எடுத்து வைப்போம். முப்பது வருஷம், வருஷத்துக்கு இரண்டு போகம். ஒவ்வொரு தடவையும் முந்திக் காய்த்த செடியின் வம்சத்தை அவித்துத் தின்றுவிட்டு, பிந்திக் காய்த்த செடியின் வம்சத்தை மட்டும் வளர்த்திருக்கிறேன். மழைக்குக் குறைவில்லாத நம் மலையில் அது பிந்தினாலும் காய்த்துவிடும். கீழே மழை ஐம்பது நாள்கூட நீடிப்பதில்லை.

போன வருஷம் அந்த ஐந்து செடியின் காயை மட்டும் விதைக்கு வைத்து, புரட்டாசியில் போட்டேன். அவற்றிலும் முந்தியதைப் பார்த்து எடுத்தேன். அதுதான் அந்த ஒன்றரை ராத்தல்.

கேட்டு முடித்த நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நல்ல விசயம்தான்" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா பெரியவர், இந்த வருசம் கச்சான் காத்துப் பத்து நாள் முந்தியே தொடங்கிட்டு. ரோட்டோரம் நாட்டார் போட்ட பயறெல்லாம் கருகிப் போய்க் கிடக்கு. ஒங்கட மருமகன்ட காணி உள்ளுக்குள்ள, அது எனக்குத் தெரியல்ல."

மிச்ச ரொட்டியைத் துண்டில் மடித்து வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இருபத்து மூன்றாம் கல் படல்கும்புர. மணி ஒன்பதரை. நானா சொன்னது சரிதான். மேற்கிலிருந்து சூடான காற்று ஒரே சீராய் வீசிக்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்று முகத்தைக் காட்டுவது போல இருந்தது. வழியெல்லாம் பயற்றங்கொடிகள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. நான் கல் வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். நானாதான் "இருபத்தஞ்சு" என்று எனக்குச் சொன்னார். பதினொன்றரை மணிக்கு இருபத்தாறாம் கல்லில் இறக்கிவிட்டார். அங்கிருந்து இடப்பக்கம் ஒற்றையடிப் பாதையில் ஒரு மைல் நடை. வழியில் ஒரு ஓடை குறுக்கிடுகிறது. ஆனியில் அதில் தண்ணீர் இல்லை.

ரப்பர் கன்று வரிசை தெரிந்ததும் நடையைத் தளர்த்தினேன். காணியின் ஒரு பாதியில் என் பழைய விதை. போன வருஷத்து மிச்சத்தையும் மருமகன் வீணாக்காமல் போட்டிருந்தார். அந்தப் பாதி முழுக்க இலை சுருண்டு காய்ந்து கிடந்தது, ஒரு காய் இல்லை. மறு பாதியில் நான் பங்குனியில் அனுப்பிய விதை. அங்கேயும் நிறையக் கொடி வாடியிருந்தது, பூ உதிர்ந்திருந்தது. ஆனால் நடுநடுவே சில செடிகள் குட்டையாய், அதிகம் ஓடாமல், விறைப்பாய் நின்றன. சிலவற்றில் பச்சைப் பிஞ்சும் தெரிந்தது. சித்திரை ஐந்தில் விதைத்தது, அறுபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. நான் அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மகள் ஓடி வந்து மூட்டையை வாங்கினாள். மருமகன் "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு வேலியைக் கட்டிக்கொண்டே இருந்தார். கால் கழுவி உட்கார்ந்ததும் மகள் தேக்கிலையில் சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். தேங்காய்ப்பூ போட்டு, செத்தல் மிளகாய் கிள்ளிப் போட்டது.

"செவ்வாக்கெழமையும் அதுவுமா அப்பாவும் வாறாகன்னு காலையில அம்மனுக்கு வெச்சேன். சாப்புடுங்க."

பசி. ருசியாகவும் இருந்தது. மூன்றாவது கைப்பிடி வாயில் இருக்கும்போதுதான் கேட்டேன்.

"இது எந்தப் பயறு புள்ள?"

"நீங்க குடுத்து விட்டதுதான். ஒரு வாரமா முந்தி முந்திக் காஞ்சதெல்லாம் பாத்துப் பாத்து எடுத்து வெச்சேன். மொதக் காயி சாமிக்கு இல்லையா?"

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எல்லாத்தையுமா அவிச்ச?"

"ஆமாங்கப்பா. ஒரு படி வந்துச்சு. பாதி பக்கத்துல உள்ளவுகளுக்குக் குடுத்தேன்."

"பொட்டலத்துக்குள்ள ஒரு தாளு வெச்சிருந்தேனே. அது எங்க?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஒரு கல்லை நட்டு அம்மனாக வைத்திருந்தார்கள். கல்லுக்குப் பக்கத்தில் என் தாள், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு சிறு கல் ஏற்றப்பட்டிருந்தது. முன்னால் படைத்த சுண்டலில் இரண்டு பயறு இன்னும் இலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா மொதமொதல்ல எழுதுன எழுத்து. அதான் சாமிகிட்ட வெச்சேன்."

நான் குனிந்து அதை வாசித்துக் காட்டினேன். 'முதலில் காயும் காயை அவிக்க வேண்டாம். விதைக்கு வைக்கவும்.'

வேலிப் பக்கம் இருந்து மருமகன், "அந்தத் தாளுக்கு முன்னாலதான் மாமா வெச்சுப் படைச்சா. ரெண்டு தடவ விழுந்தும் கும்புட்டா" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதப் படித்துவிட்டோம் என்ற பெருமையில், வாசிக்கத் தெரியாத வீட்டுக்கு எழுத்தை அனுப்பியவன் நான். சலீம் நானாவிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திரும்பி வரும்போது அவரும் இதையே சொல்லிக் காட்டினார்.

மேலே என்னிடம் இன்னும் ஒரு குடுக்கை விதை உண்டு. ஆனால் அது மலை மட்டும் கண்ட விதை. கச்சான் காற்றில் எது நிற்கும், எது சாயும் என்று அந்தக் குடுக்கைக்குத் தெரியாது. இந்த மண்ணில், இந்தக் காற்றில் நின்று காய்த்தவை எவையோ, அவைதான் வேண்டும். அவற்றைத்தான் மூன்று கைப்பிடி தின்றிருந்தேன்.

மருமகன் மண்வெட்டியைச் சார்த்திவிட்டு வந்தார். "விடுங்க மாமா. இதுவும் போச்சு. ஆடி ஒண்ணாந்தேதி நான் கங்காணியப் பாக்குறேன்."

அங்கம்மா அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள். "காயத்தானேப்பா பறிச்சேன். செடி நிக்கிதுல்ல."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. குட்டையாய் விறைப்பாய் நின்ற அந்தச் செடிகளில் பிஞ்சு பார்த்தேனே. முந்திக் காய்த்துவிட்டு இரண்டாவது ஈடு காய் விடுகிறவை அவைதான். ஆனால் வெறுமனே பிந்திப் பிஞ்சு விட்டவையும் அவற்றுக்கிடையே இருந்தன. எதை எதோடு பிரிப்பது? அங்கம்மாவே அதற்கும் வழி சொன்னாள். காய்ந்த காயை அவள் காம்போடு நகத்தால் கிள்ளி எடுப்பாள். கிள்ளிய இடம் கறுத்துத் தெரியும். அன்று பின்னேரம் நாலு மணி முதல் ஆறு மணி வரை நாங்கள் இருவரும் குனிந்து குனிந்து கிள்ளிய காம்பு இருக்கிற செடியைத் தேடினோம். இருபத்து மூன்று கிடைத்தது. எல்லாவற்றிலும் இரண்டு மூன்று பச்சைக் காயாவது இருந்தது.

நான் மூங்கில் சிம்பு சீவ உட்கார்ந்தேன். "என்னப்பா பண்றீங்க?" என்றாள்.

"எழுதிக் குத்தி வெக்கிறேன்."

"எழுதி வெச்சா யாரு வாசிக்கிறது? கறிக்குக் காய் கேட்டு ஊருப் பொம்பளைக வருவாளுக, அவளுகளுக்கும் தமிழ் தெரியாது. மாட்டுக்காரவுக வருவாக. எனக்கும் தெரியாது. இருங்க."

நூல்கண்டை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, இருபத்து மூன்று செடிக்கும் அடியில் சுற்றிக் கட்டினாள். நேர்ந்துவிட்ட ஆட்டுக்குக் கட்டுவோமே, அது போல. சாமிக்கு நேர்ந்ததை யார் தொடுவார்கள்? மூன்றாம் நாள் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் காய் பறிக்க வந்தார். மஞ்சள் நூலைக் கண்டதும் நெஞ்சுக்கு நேரே கை குவித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். என் மூங்கில் சிம்பு எந்தக் காலத்திலும் இப்படி ஒரு வேலை செய்ததில்லை.

எட்டு நாள் தங்கினேன். காற்று நிற்கவே இல்லை. காலையில் நிமிர்ந்து நிற்கும் இலை பகலில் தொங்கிவிடும். இரண்டாம் நாள் மதியம் நூல் கட்டியதில் நாலு செடி ஒரேயடியாகத் தலை சாய்ந்தது. அங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கிணற்றில் அடியில் கிடந்த தண்ணீரை ஒரு குடம் இறைத்துக்கொண்டு போனாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சுண்டலைப் பார்த்ததிலிருந்து அந்தக் காணிப் பக்கமே வராத மருமகன் வந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்தாத."

"செத்துப்போகும்ங்க."

"சாகட்டும். நீ தண்ணி ஊத்திக் காப்பாத்துனா, எது தானா நிக்கும்னு எப்புடித் தெரியும்? அடுத்த சித்திரைக்கும் கொடம் தூக்குவியா, ரெண்டு ஏக்கருக்கும்?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்றது சரிதானே மாமா?"

"சரிதான் மாப்பிள்ளை" என்றேன். சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. மலையில் நான் முந்தியதைப் பார்த்து எடுத்தேன். தாங்குவதைப் பார்த்து எடுக்க இந்தக் காற்று வேண்டும். அதைச் சொன்னவர் பயறே வேண்டாம் என்றிருந்த மனிதர். அன்று முதல் காலையும் மாலையும் அவரே ஒரு சுற்றுப் போய் வந்து, "பத்தொம்பது நிக்கிது" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றுக்கு உட்கார்ந்தார். ஆறாம் நாளும் பத்தொன்பது. ஏழாம் நாளும் பத்தொன்பது. ஏழாம் நாள் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு அதட்டல் இருந்தது, யாரோ இல்லை என்று சொன்னது போல.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை காய் கலகலவென்று ஆனது. பறித்து உரித்துப் பார்த்தோம். மணி சிறிது. என் பழைய விதையில் பாதிகூட இல்லை. எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு உள்ளங்கையில் வைத்தால் கொஞ்சம் வழியும்.

அங்கம்மா அதைத் தட்டில் போட்டு, அவிக்காமல், அப்படியே அம்மன் கல்லுக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினாள். முதல் காயை அம்மன் கேட்டால் என்ன செய்வது என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. முப்பது வருஷப் பழக்கம் அல்லவா.

"பச்சையா வெக்கிறியே புள்ள, கொற ஒண்ணும் இல்லையே?"

"சாமி பாத்தாப் போதும்பா. திங்கிறது எப்பவும் நாமதானே" என்றாள். தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிரசாதம் வாங்குவது போலத்தான் வாங்கினேன்.

புதன்கிழமை காலை நான் கிளம்ப வேண்டும். விதை முழுவதையும் துணியில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டேன். இவர்கள் ஆடியில் மேலே வந்துவிட்டால் இங்கே விதைக்கு யார் காவல்? மேலே என் அடுப்புக்கு மேல் தொங்கவிட்டால் பூச்சி வராது. மருமகன் வாசலில் நின்றார்.

"மாமா, அத அவுருங்க."

அவிழ்த்தேன். நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்தார். நூற்று ஐம்பத்தாறு எனக்கு, நூற்று ஐம்பத்தாறு அவருக்கு. அவர் பங்கைச் சாம்பலோடு சேர்த்து ஒரு சுரைக்குடுக்கையில் போட்டு வாயை அடைத்தார்.

"பாதி இங்க இருக்கட்டும். ஐப்பசில வெதைச்சுப் பெருக்கணும். சித்திரையில திரும்பக் காத்துல நிறுத்திப் பாக்கணும். இது ஒரு வருசத்து வேலையா? மேல இருந்துக்கிட்டு இதச் செய்ய முடியாது."

"அப்ப, ஆடி ஒண்ணாந்தேதி?" என்று அங்கம்மா கேட்டாள்.

"ஆடி ஒண்ணாந்தேதி வேலி மிச்சம் கெடக்கு. அதக் கட்டணும்" என்றார். குடுக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெறும் பயற்றை வைத்து அடுத்த சோளம் வரும் வரை அவர்கள் சாப்பிட முடியாது. இந்த வருஷம் மருமகன் பக்கத்து முதலாளியிடம் குழி வெட்டும் வேலைக்கும் போக வேண்டியிருக்கும். நான் மாதம் ஒரு மூட்டை அரிசி அனுப்புவதாய்ச் சொல்லியிருக்கிறேன். அதை மறைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். திரும்பும் வண்டி புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இருபத்தாறாம் கல்லுக்கு வரும். ஏற்றம் என்பதால் நம் சந்திக்கு வர வியாழன் பின்னேரம் ஆகிவிடும். அதே ஐம்பது சதம். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். கீழே காய்ச்சல் உண்டு, டிஸ்பென்சரியில் கொயினா மருந்து வாங்கிக்கொண்டு போங்கள், கசக்கிறது என்று துப்ப வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். ஆனியில் போனால் குடை காற்றில் மடங்கிவிடும், தலைத்துண்டு போதும். பதினாறாம் கல்லைத் தாண்டித் தனியாக நடக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாயால் சொல்லியனுப்புங்கள்.

விதை கேட்டு இப்போது யாரும் வர வேண்டாம், என்னிடம் இருப்பது நூற்று ஐம்பத்தாறுதான். ஆனால் அதைவிட நல்லது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அடுத்த போகம் பயறு போடும்போது எந்தச் செடி முந்திக் காய்க்கிறதோ அதன் அடியில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டுங்கள். முற்றிக் காய்ந்த பிறகு அவிக்காமல் அம்மனுக்கு வைத்து, திரும்ப வாங்கி, குடுக்கையில் போடுங்கள். கீழே போகிறவர்கள் கையில் கொடுத்து விடுங்கள்.

இப்படிச் செய்யலாமா, பச்சை விதையை நம் கோயிலில் படைக்கலாமா என்று பூசாரியிடம் கேட்டிருக்கிறேன். யோசித்து அடுத்த வெள்ளிக்குள் சொல்கிறேன் என்றார். என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அவர் சொன்னபடியே அடுத்த வாரத் தாளில் எழுதுகிறேன். அதற்குள் யாராவது முந்திப் போய் அவரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் எனக்கு உதவியாக இருக்கும்.